பாத்தித் தண்ணீரும் நஞ்சோடைத் தண்ணீரும்: ஒரு நுண்ணோக்கிப் பதிவு

வெயில் காலத்தில் தூத்துக்குடி உப்பளப் பாத்திகளுக்கு இளஞ்சிவப்பு நிறம் தரும் உயிர்களை வீட்டு நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும் என்று தொடங்கிய வேலை, இப்போது படிகம் வளர்க்கும் கட்டத்துக்கு வந்திருக்கிறது. உப்பளக்காரரிடம் கேட்டு, உப்பு விளையும் பாத்தியிலிருந்து ஒரு புட்டியும், விளைந்தபின் மிஞ்சும் கசப்புநீர் வடியும் நஞ்சோடையிலிருந்து ஒரு புட்டியும் எடுத்து வந்தேன். உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவியில் கடல்நீர் 3 டிகிரியைச் சற்றுத் தாண்டும். 25 டிகிரி வாக்கில் உப்பு இறங்கத் தொடங்கும். 30ஐ நெருங்கினால் மக்னீசிய உப்புகள் மிகுந்து கசப்பேறும் என்பதால் வடித்துவிடுவார்கள்.

பாத்தித் தண்ணீரை 400 மடங்கில் பார்த்தபோது முதலில் சிக்கியது துனாலியெல்லா என்னும் பாசி. பீட்டா கரோட்டின் நிரம்பிய செம்மஞ்சள் உடலும் இரண்டு சாட்டை இழைகளுமாக, அடர்ந்த உப்புநீரில் மெதுவாக உருண்டு நகர்ந்தது. அதைவிட மிகச் சிறிய கோல்கள், நுண்ணோக்கியின் திறனுக்கு எல்லையில், மங்கலாகத் தெரிந்தன. இவை உப்பை விரும்பும் ஆர்க்கியாவாக, அதாவது பாக்டீரியா போலத் தோன்றினாலும் வேறு வகையைச் சேர்ந்த ஒரு செல் உயிர்களாக இருக்க வேண்டும். கண்ணாடிச் சில்லின் ஓரத்தில் ஒரு சொட்டு வாலைவடிநீர் விட்டதும் பாசி உருண்டையாக உப்பியது. கோல்கள் கண்ணெதிரே மறைந்தன. செல்லுக்குள் பொட்டாசியம் குளோரைடை நிரப்பி வெளி உப்புக்கு ஈடுகொடுக்கும் அவற்றுக்கு நல்ல தண்ணீரே நஞ்சு.

நஞ்சோடைத் தண்ணீரில் எந்த நகர்வும் தென்படவில்லை. அதை வைத்து அங்கே உயிரே இல்லை என்று சொல்லிவிட முடியாது என்றாலும், என்னை யோசிக்க வைத்தது இந்தப் புட்டிதான். உப்பின் பிடியில் சிக்காமல் உயிருக்குக் கிடைக்கும் நீரின் அளவுகோலை நீர்ச்செயற்பாடு என்பார்கள்; தூய நீரில் அதை 1 என்று கொண்டால், சாதாரண உப்பு நிறைவுற்ற கரைசலில் அது 0.75, அறியப்பட்ட உயிர்களின் வளர்ச்சி ஏறக்குறைய 0.6இல் நின்றுவிடுகிறது, மக்னீசியம் குளோரைடு நிறைவுற்ற கரைசலிலோ 0.33தான். செவ்வாய்க் கோளில் உயிர் இருக்க முடியுமா என்ற கேள்விக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். அங்கே ஃபீனிக்ஸ் விண்கலம் 2008இல் கண்ட பெர்குளோரேட் உப்புகள், கடுங்குளிரிலும் தண்ணீரை உறையாமல் வைத்திருக்கக் கூடியவை. ஆனால் உறையாமல் காக்கும் அதே பிடிப்பு, உயிருக்குக் கிடைக்கும் நீரையும் குறைத்துவிடுகிறது. ஆகவே செவ்வாயில் திரவநீர் என்ற செய்தி வந்தால், எந்த உப்பு கரைந்த நீர் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். அதே 2008இல் செவ்வாயைச் சுற்றிவரும் மார்ஸ் ஒடிசி கலத்தின் தரவுகளிலிருந்து அறிவிக்கப்பட்ட, தென்பாதி மேட்டுநிலத்துக் குளோரைடுப் படிவுகள் உயிரின் தடயம் தேட என் கணக்கில் கூடுதல் நம்பிக்கை தருபவை.

காரணம், உப்புப் படிகம் தான் வளரும்போதே தண்ணீரைச் சிறைபிடிக்கிறது. தட்டில் காயவிட்ட பாத்தித் தண்ணீரில் விளைந்த கனசதுரங்களுக்குள், முகங்களுக்கு இணையாக வரிசைகட்டிய நுண்ணிய சதுரக் குழிகள் தெரிகின்றன. சிலவற்றில் நீரோடு ஒரு காற்றுக்குமிழியும் உண்டு. கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் எடுத்த, சுமார் 30,000 ஆண்டுப் பழைய உப்பிலிருந்தே இத்தகைய ஆர்க்கியாவை ஆய்வகத்தில் வளர்த்திருக்கிறார்கள். 25 கோடி ஆண்டு உப்பிலிருந்து பாக்டீரியாவை எழுப்பியதாக 2000இல் வந்த அறிவிப்பு இன்றும் சர்ச்சைக்குரியது. அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

படிகங்களை இப்போது மூடி வைத்திருக்கிறேன். சில மாதங்கள் கழித்து, நிறைவுநிலைக்குச் சற்றுக் குறைந்த உப்புக்கரைசலில் கரைத்து, வெளிச்சத்தில் வைத்து, நிறம் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். கரைசலுக்கு வாங்கும் கடை உப்பிலேயே இந்த உயிர்கள் ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், படிகம் போடாத ஒரு புட்டியையும் பக்கத்திலேயே வைத்தாக வேண்டும்.