அந்த 2 மணி நாடியை எந்தக் கையில் பார்த்தாய்?

சென்ற மாதம் இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற ஊருக்கு அருகிலுள்ள ஒரு மீனவக் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் என்னை அழைத்து, தன் தாயின் முதுகை ஒருமுறை வந்து பார்க்கும்படி கேட்டார். நான் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் இந்தக் கரையில் செவிலியராக வேலை பார்த்தவள் கடைசிவரை ‘சிஸ்டர்’தான். அந்தத் தாய் பாசி எடுத்துப் பிழைத்தவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, தீவுகளை ஒட்டிய பாறைகளில் மூச்சடக்கி மூழ்கிப் பாசி பறித்த அந்தக் கைகளில் ஒன்று இப்போது பக்கவாதத்தில் அசைவற்றுக் கிடந்தது. வெளியூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் 16 நாள் வைத்திருந்து அனுப்பியிருந்தார்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கட்டைப் பிரித்தபோது, வால் எலும்புக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் புண் இருந்தது. ஓரம் கருத்துப்போய், நடுவில் மஞ்சளாகச் சதை அழுகியிருந்தது. “வலிக்குது தாயி” என்று மட்டும் சொன்னார்.

அந்தத் தாயின் மகன் கெட்டிக்காரர், கேஸ் ஷீட்டின் நகலைக் கேட்டு வாங்கி வைத்திருந்தார். அதில் 16 நாளும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை இடப்பக்கம், வலப்பக்கம், மல்லாக்க எனத் திருப்பிப் படுக்க வைத்ததாக ஒரு கட்டம்கூட விடாமல் எழுதியிருந்தது. பகலுக்கும் இரவுக்கும் ஒரே பேனா, ஒரே கை, ஒரே சாய்வு. ஒன்பதாம் நாள் மதியம் அவரை ஸ்கேனுக்குக் கொண்டுபோய், திரும்பி வர 3 மணி நேரம் ஆனதாக அதே கேஸ் ஷீட்டின் இன்னொரு பக்கம் சொல்கிறது. அந்த மூன்று மணி நேரத்திலும் வார்டுக் கட்டிலில் அவரைத் திருப்பிப் படுக்க வைத்திருக்கிறார்கள். புண்ணைவிட அந்தத் தாள்தான் என்னை அதிகமாக உலுக்கியது.

படுக்கைப் புண் ஒரே இரவில் பிளந்துகொண்டு வருவதில்லை. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை நசுங்கும்போது அங்குள்ள மெல்லிய இரத்தக் குழாய்கள் அடைபட்டு, இரத்தம் வராத இடம் மெல்லச் செத்துப்போகிறது; வால் எலும்பு, குதிகால், இடுப்பெலும்பின் முனை, பின்தலை ஆகியவையே முதலில் போகும். தோல் சிவந்திருக்கும், விரலால் அழுத்தி எடுத்தாலும் சிவப்பு மறையாது என்பது பாடப்புத்தகம் சொல்லும் முதல் அடையாளம். வெயிலிலும் உப்பிலும் கருத்த நம் மக்களின் தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குப் படாது. சுற்றுப்புறத்தைவிட அந்த இடம் சூடாக இருக்கிறதா, கெட்டிப்பட்டிருக்கிறதா என்று புறங்கையை வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆகவே ஒரு நாளைக்கு ஒருமுறையாவது அந்த முதுகை யாரேனும் தொட்டிருந்தால், புண் இந்த அளவுக்கு வளரும்வரை தெரியாமல் போயிருக்காது. 1859-இல் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல், நோயாளிக்குப் படுக்கைப் புண் வந்தால் அது பெரும்பாலும் நோயின் குற்றமல்ல, பராமரிப்பின் குற்றம் என்று எழுதினார். எல்லாப் புண்ணையும் தடுத்துவிட முடியாது என்பது எனக்கும் தெரியும்; ஆயினும் இந்தப் புண்ணைத் தடுத்திருக்கலாம்.

அந்தக் கட்டங்களை நிரப்பியவரைத் திட்டும் தகுதி எனக்கு முழுதாக இல்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஓர் இரவு டூட்டியில், படகில் விழுந்து வலக்கை முறிந்த ஒரு மீனவருக்கு 2 மணி நாடியையும் காய்ச்சலையும் பார்க்காமலே, 10 மணிக்கு இருந்ததை ஒட்டி எழுதி வைத்தேன். காலையில் அடுத்த டூட்டிக்கு வார்டை ஒப்படைத்து ஓவர் கொடுக்கும்போது அவருக்குக் காய்ச்சல் 103-ஐத் தாண்டியிருந்தது. வார்டு சிஸ்டர் சத்தம் போடவில்லை, சார்ட்டை என் முன் வைத்து, “அந்த 2 மணி நாடியை எந்தக் கையில் பார்த்தாய்?” என்று கேட்டார். வலக்கை மாவுக்கட்டில் இருந்தது, இடக்கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. எனக்குப் பதில் வரவில்லை. எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடித்து, கீழே ‘பார்க்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அந்த மீனவர் பிழைத்துவிட்டார், ஆனால் புண்ணில் சீழ் பிடித்து அவர் கடலுக்குப் போக முடியாமல் கிடந்த வாரங்களில் சிலவற்றுக்கு நான் பொறுப்பு.

ஆள் இல்லை என்பார்கள், அது உண்மைதான். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிகளுக்கு ஒருவர், மற்ற மருத்துவமனைகளில் 5 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். 40 கட்டில் கொண்ட வார்டை இரவில் ஒருத்தியாகப் பார்த்தவள் நான். தனியார் மருத்துவமனைகளில் சொற்பச் சம்பளத்துக்கு இரட்டை டூட்டி பார்க்கும் பிள்ளைகளை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. ஆள் இல்லாததால் ஒரு வேலை செய்யப்படாமல் போகலாம், ஆனால் செய்ததாக எழுதுவதற்கு ஆள் பற்றாக்குறை காரணமாகாது. அந்தப் பொய்தான் பற்றாக்குறையையே மறைக்கிறது. எல்லாக் கட்டமும் நிரம்பிய சார்ட்டைப் பார்க்கும் நிர்வாகம், இருக்கிற ஆளே போதும் என்றுதான் முடிவு செய்யும். ‘ஒரே செவிலியர்; திருப்ப இயலவில்லை’ என்று பத்து இரவு எழுதி, கண்காணிப்பாளருக்கும் தெரிவித்திருந்தால், அந்தத் தாள் நோயாளிக்கும் சாட்சி, செவிலியருக்கும் சாட்சி. அப்படி எழுதினால் வேலை போய்விடும் என்று அஞ்சுவோர் உண்டு, அந்த அச்சம் பொய்யானதல்ல. அதனால்தான் இதைத் தனியாள் ஒருவரின் துணிச்சலுக்கு விடாமல் வார்டின் வழக்கமாக்க வேண்டும் என்கிறேன்.

பராமரிப்பவரின் வசதிக்காக நோயாளியின் உடலை ஒடுக்குவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்தக் கடற்கரை பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துவிட்டது. ஆனால் இரவில் பிதற்றும் கிழவரின் மணிக்கட்டை மருத்துவர் உத்தரவு இல்லாமலே காஸ் துணியால் கட்டிலோடு கட்டுவதையும், எழுப்பிக் கூட்டிப்போகச் சலித்துக்கொண்டு தேவையற்ற சிறுநீர்க் குழாய் போடுவதையும் நானே கண்டிருக்கிறேன்.

கேஸ் ஷீட் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகள் சொல்கின்றன. வீட்டார் தயங்காமல் கேட்கலாம். செவிலியர் மீதான புகாரைத் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்துக்கு எழுதலாம். மகன் எழுதப் போகிறார். தாளில் எனக்குத் தெரிந்தவற்றைக் குறித்துக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது வாரம் இருமுறை போய்க் கட்டு மாற்றுகிறேன். அழுகியது நீங்கி, ஓரத்தில் இளஞ்சிவப்பாகச் சதை ஏறத் தொடங்கியிருக்கிறது. அம்மாவைத் திருப்பும் நேரத்தை மகள் தன் பிள்ளையின் பழைய நோட்டில் எழுதி வருகிறார். சென்ற செவ்வாய்க்கிழமை அதைப் புரட்டியபோது, 12 மணிக்கு எதிரே ‘வலம்’ என்றும் 4 மணிக்கு எதிரே ‘இடம்’ என்றும் இருந்தது. இடையில் 2 மணிக்கு எதிரே, ‘தூங்கிட்டேன்’ என்று எழுதியிருந்தார்.