வேளா மீனும் அறுபட்ட வலையும்

நேத்து ராத்திரி ஒரு காணொளி பார்த்தேன். வலையில் மாட்டிய வேளா மீன், திருக்கை வகையைச் சேர்ந்தது. ரம்பம் மாதிரி நீண்ட மூக்கு, ஒவ்வொரு பல்லிலும் வலைக் கண்ணி சுத்தியிருக்கு. உதற உதற இன்னும் இறுகுது. மீனவர் ஒருத்தர் கத்தியால இழை இழையா அறுத்து விடுவிச்சார். அறுத்தது தன்னோட சொந்த வலையை. அது மனசை விட்டுப் போகவே இல்லை.

வேளாவில் எல்லா இனங்களுக்கும் 2013 முதல் சர்வதேச வணிகத் தடை இருக்கு. ஆனா வேறு மீனுக்கு விரிச்ச வலையில் வந்து சாகுதே!

1970-க்குப் பிறகு ஐம்பதே வருஷத்தில் பெருங்கடல் சுறா, திருக்கைகள் 71 சதவீதம் குறைஞ்சிருக்கு. மத்தி மாதிரி ஆயிரக்கணக்கில் முட்டையிடுற சாதியா இது? கொம்புத்திருக்கை ஏறக்குறைய ஒரு வருஷம் சுமந்து, பெரும்பாலும் ஒரே குட்டிதான் போடும்.

வழி இல்லாமல் இல்லை. நீளமான கயிற்றில் வரிசையா நிறைய கொக்கிகள் தொங்குற ஆயிரங்கால் தூண்டிலில், கொக்கியை இரும்புக் கம்பிக்குப் பதிலா நைலான் நரம்பில் கட்டினா, பல சுறாக்கள் கடிச்சு அறுத்துட்டுத் தப்பிச்சிடும். உயிரோட வந்த திருக்கையை உடனே கடலில் விடலாம். செவுளுக்குள்ள கைவிட்டுத் தூக்கக் கூடாது, வாலைப் பிடிச்சும் இழுக்கக் கூடாது.

இந்த நஷ்டத்தை மீனவர் தலையில் மட்டும் கட்டினா எதுவும் நடக்காது. அந்த அறுபட்ட வலைக்கு அரசாங்கம் காசு கொடுக்கணும்.