தலைப்பில் விட்ட பாதி

மே 19, கல்லடி

தங்கச்சியின் மகள் சிறுகதை ஒன்று கொண்டுவந்தாள். காணாமற்போன மகனைத் தேடி, கோப்பும் கையுமாகக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கும் ஒரு தாய். கதை நல்லது. ‘நீதி கேட்டவள்’ என்ற தலைப்புத்தான் எல்லாவற்றையும் முதலே கொட்டிவிடுகிறது.

வழக்குரை காதையில் “தேரா மன்னா! செப்புவது உடையேன்” என்பாளே கண்ணகி, அதில் பின்பாதியை மட்டும் எடு என்றேன்.

“முன்பாதி எங்க, பெரியம்மா?”

“அது வாசிக்கிற ஆளுக்குத் தானா வரும், மகள்.”

விசாரியாத மன்னனைப் பெயர் சொல்லாமலே கந்தோர்க் கதிரையில் இருத்தியாயிற்று.

மே 21

பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. புழுக்கம். ஒன்றும் வாசிக்கவில்லை.

மே 22

ஹெமிங்வேயும் இதைத்தான் செய்தார். 1940இல் வந்த ‘For Whom the Bell Tolls’ (யாருக்காக மணி ஒலிக்கிறது) நாவலின் தலைப்பு, ஆங்கிலக் கவிஞர் ஜோன் டன் 1624இல் வெளியிட்ட உரைநடையில் உள்ளது. சாவு மணி யாருக்காக ஒலிக்கிறது என்று கேட்டனுப்பாதே, உனக்காகத்தான் என்கிறார் டன். நாவலில் ஓர் அமெரிக்கன் ஸ்பானிய உள்நாட்டுப் போரில் பாலம் தகர்க்கப் போகிறான். ஊரார் சண்டையில் உனக்கென்ன வேலை என்று கேட்டால், விடை தலைப்பில் வராத அந்த ‘உனக்காக’வில் இருக்கிறது. டன்னை வாசிக்காதவருக்கும் நாவல் புரியும், அது வேறு விஷயம்.

மே 25

பிள்ளைக்கு ஒரு சந்தேகம். “பாண்டியன் பிழை தெரிஞ்சதும் ‘யானே கள்வன்’ எண்டு விழுந்து செத்தான். என்ர கதையில அந்த ஐயா தேத்தண்ணி குடிக்கப் போறார். தலைப்புப் பொருந்துமா?”

பொருந்தாத இடத்தில்தான் அதற்கு வேலையே. சிலம்பு தெரிந்தவர் பரல் தெறிக்கும், மதுரை எரியும் என்று காத்திருப்பார். “அடுத்த கிழமை வாங்கோ” என்ற பதில்தான் கிடைக்கும். எனக்கு அதுதான் கூடச் சுடுகிறது.

மே 28

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் கண்ணகி புத்தகத்துக்கு முதலே கோயிலில் அறிமுகமானவள். வைகாசிச் சடங்கில் வழக்குரை படித்து, குளிர்த்தி பாடி அவள் கோபத்தை ஆற்றுவார்கள். இந்தத் தாயை ஆற்ற யாருமில்லை. இதைச் சொன்னதும் கடைசியில் ஒரு குளிர்த்திக் காட்சி வைக்கிறேன் என்று நிற்கிறாள். கூடாது. தலைப்பு ஏற்கெனவே கூட்டிவந்த அம்மனைக் கதைக்குள் இன்னொருமுறை எழுந்தருளப் பண்ணினால் விளக்கவுரை ஆகிவிடும். ஒருவழியாகக் காட்சியை விட்டாள். பஸ் கோயில் வாசலைக் கடப்பதாக ஒரு வரி மட்டும் நிற்கிறது. அதையும் வெட்டு என்றேன்.

“மறுகா பாப்பம்” என்கிறாள்.