தைரியம் எல்லாம் அப்புறமாத்தான் வந்துச்சு

"தைரியமா இரு"ன்னு சொல்றவங்கள பாத்தா எனக்கு இன்னிக்கும் கொஞ்சம் கடுப்புதான். தப்பா நெனச்சுக்காதீங்க, நல்ல மனசுலதான் சொல்றாங்க, ஆனா வீட்டுக்குள்ள இடுப்பளவு சாக்கடைத் தண்ணி நிக்கும்போது தைரியத்த வெச்சுக்கினு இன்னா பண்றது, மொதல்ல குடிக்கத் தண்ணி வேணும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல பத்திதான் சொல்றேன். எங்க வீடு வடசென்னைல, வியாசர்பாடில. நல்லா ஒரு மழை பேஞ்சா கணேசபுரம் சப்வே ரொம்பிடும், அதனால மழைத்தண்ணி ஒன்னும் எங்களுக்குப் புதுசு இல்ல, 2015 வெள்ளத்தயும் பாத்தவங்கதான். ஆனா அந்த தபா 3ம் தேதி நைட்டு பிடிச்ச மழை 4ம் தேதி முழுக்க விடவே இல்ல, கேப்டன் காட்டன் கால்வாய் ரொம்பி தண்ணி தெருவுக்கு திரும்பிடுச்சு, கரண்ட் இல்ல, போன்ல டவர் இல்ல, மழை நின்னப்புறமும் வடியறதுக்கு நாள் கணக்கா ஆச்சு. புளியந்தோப்பு, கொடுங்கையூர் பக்கம்லாம் இதே கததான்.

நான் வீட்டு முன் ரூம்லயே டைலரிங் பண்றேன். ரெண்டு பவர் மிஷின், ஒரு ஓவர்லாக், எம்பிராய்டரி போட ஒரு ஆரி ஸ்டாண்டு. மார்கழில கல்யாணம் கெடையாது, தை பொறந்தா வரிசையா முகூர்த்தம், அதனால கல்யாண ப்ளவுஸ் எல்லாம் டிசம்பர் மொத வாரத்துலயே வந்து குவிஞ்சிரும். துணிய பூரா கட்டில் மேல ஏத்தினோம், அப்புறம் கட்டில் மேல சேர் போட்டு அதுக்கு மேல ஏத்தினோம், தண்ணி கட்டிலையே தூக்கிடுச்சு. மரக்கட்டில் மெதக்கும்னு அன்னிக்குதான் எனக்குத் தெரியும். சேர் சாஞ்சு மொத்தமும் தண்ணில. பவர் மிஷினுக்கு மோட்டார் டேபிளுக்கு அடியில இருக்கும், அது எப்பவோ முழுகியாச்சு.

தண்ணி வடிஞ்சப்புறம் நான் அந்த ரூம் பக்கமே போகல. கதவ சாத்திட்டு மாடி வீட்டு அக்கா வீட்ல போய் படுத்துக்குவேன். யாரு வந்து ஆறுதல் சொன்னாலும் செவுத்த பாத்து திரும்பிக்குவேன். எங்க மாமியாருக்கு ஆறுதல் எல்லாம் சொல்ல வராது. வந்து நின்னுச்சு, "அழுவறதுன்னா அழு, யாரு வேணான்னா, துணிய அலசிக்கினே அழு, ஊரான் ஊட்டு பட்டு அங்க நாறிக்கினு இருக்குது"ன்னுச்சு. அவ்ளோதான். நானும் எந்திரிச்சு போய் அலச ஆரம்பிச்சேன், தைரியம் வந்து இல்ல, அதுங்கிட்ட வாய் குடுக்க தெம்பு இல்ல.

அரக்கு கலர் சாயம் எறங்கி சந்தன கலர் பட்டு மேல ஏறி இருந்துச்சு. பட்டுப்புடவையோட வர்ற ப்ளவுஸ் பிட்டு அது, கடையில தேடினா அதே கலர் கெடைக்காது, தைக்கிறவங்களுக்கு இந்த வலி புரியும். காஞ்சதும் ஒவ்வொன்னா கவர்ல போட்டு, பேர் எழுதி, எடுத்துக்கினு ஒவ்வொரு வீடா போனேன். புயல்ல எனக்கு வராத பயம் அந்த படிக்கட்டுங்கள ஏறும்போது வந்துச்சு. சர்மா நகர்ல ஒரு அக்கா கவர வாங்கி பாக்கவே இல்ல, "உன் மிஷின் இன்னாச்சு"ன்னுதான் மொதல்ல கேட்டாங்க. பழைய வண்ணாரப்பேட்டைல ஒரு கல்யாணப் பொண்ணோட அம்மா தெருவுல நிக்க வெச்சு கத்துனாங்க, அவங்க பொண்ணு கல்யாணம், அவங்க கத்தாம வேற யாரு கத்துவா. புடவைய போட்டோ புடிச்சுக்கினு எம்.சி. ரோடு பூரா கடை கடையா ஏறி எறங்கி, கடைசில கான்ட்ராஸ்ட்டா ஒரு பிட்டு என் காசுல வாங்கி தெச்சுக் குடுத்தேன்.

மிஷினுக்கு ஒரு பாய் வருவாரு, வயசானவரு. வந்ததும் கேட்ட மொத கேள்வி, "சுவிட்ச் போட்டியாம்மா?" இல்ல பாய்ன்னேன். "அப்ப பொழச்சுது"ன்னாரு. ஈர மோட்டார்ல கரண்ட் குடுத்தா காயில் எரிஞ்சிடும், அத காய வெச்சாலே பாதி வேலை முடிஞ்சுதாம். உள்ள இருக்கறத எல்லாம் பிரிச்சு மண்ணெண்ணெய்ல கழுவி, துரு எடுத்து, ஆயில் விட்டு, ஒரு மோட்டார் அப்படியே ஓடுச்சு, இன்னொன்னுக்கு காயில் கட்ட வேண்டியதாச்சு. பலகைதான் ஊறி உப்பி வீணாப்போச்சு. ரேஷன் கடையில டோக்கன் போட்டு குடுத்தாங்களே நிவாரணம் 6000 ரூபா, அது பலகைக்கும் காயிலுக்கும் சரியாப் போச்சு, மிச்சத்துக்கு மகளிர் குழுவுல லோன். அது வரைக்கும் மாடி வீட்டு அக்காவோட பழைய கால் மிஷின்லதான் தெச்சேன். கரண்டே இல்லாத தெருவுல அதுதான் ராஜா.

எங்க நாத்தனார் எர்ணாவூர்ல இருக்கு. அவங்களுக்கு வெள்ளத்தோட ரிஃபைனரி எண்ணெயும் சேந்து வந்துச்சு, கொசஸ்தலை ஆறு, எண்ணூர் முகத்துவாரம் எல்லாம் கறுப்பு, வீட்டு செவுத்துல தண்ணி நின்ன உயரத்துக்கு தார் பூசுன மாதிரி கோடு, மீன் புடிக்கிற போட்டு, வலை எல்லாம் பாழ். மீன் புடிக்கிறவங்களே போட்டுல போய் அந்த எண்ணெய அள்ளினாங்க. அந்த நேரத்துல என் போனுக்கு ஒரு ஃபார்வர்டு வந்துச்சு, வடசென்னை மக்கள் எவ்ளோ அடிச்சாலும் தாங்குவாங்க, கெத்துன்னு. தாங்குவாங்கன்னு தெரிஞ்சுதானே எல்லாத்தயும் எங்க மேலயே ஏத்துறீங்க? கால்வாய தூர் வாருங்க, அப்புறம் எங்க கெத்த பத்தி பேசலாம்.

2024 நவம்பர்ல அமெரிக்காவுல நடந்த கேரம் உலகக் கோப்பைல நம்ம பக்கத்துப் பொண்ணு காசிமா மூணு தங்கம் அடிச்சப்பவும் இதேதான், எல்லாரும் ஆட்டோ ஓட்டுறவர் பொண்ணு, கஷ்டப்பட்ட குடும்பம்னுதான் பேசினாங்க. சந்தோஷம்தான், நானும் ஸ்டேட்டஸ் வெச்சேன். ஆனா இந்தப் பக்கத்துல கேரம் போர்டு இருக்கு, உக்காந்து சொல்லிக்குடுக்க ஆளு இருக்கு, எங்க வியாசர்பாடி இளவழகி 2008லயே உலக சாம்பியன் ஆனத பாத்து வளந்த புள்ளைங்க இருக்கு. அத யாரும் எழுதல. கஷ்டம் மட்டும் ஒருத்தர சாம்பியன் ஆக்கும்னா எங்க தெருவுக்கே தங்கம் வந்திருக்கணுமே. எனக்கு ஒரு மாமியார், ஒரு பாய், ஒரு கால் மிஷின் கெடச்சுது. அது கெடைக்காம கடைய மூடிட்டு வீட்டு வேலைக்குப் போனவங்க எங்க குழுவுலயே இருக்காங்க, அவங்களுக்கு தைரியம் கம்மின்னு எவனாவது சொன்னா நான் சண்டைக்குப் போவேன்.

இப்ப ரூம்ல செங்கல் வெச்சு திட்டு கட்டி மிஷின மேல ஏத்தியாச்சு, துணி வெக்க செவுத்துல உயரமா ஸ்லாப். பழைய வண்ணாரப்பேட்டை அம்மா அதுக்கப்புறம் என்கிட்ட வர்றதில்ல. அவங்க தங்கச்சி வருது. அளவு ப்ளவுஸ் குடுத்துட்டு, "அக்காக்கு தெரிய வேணாம், கை மட்டும் அதே மாதிரி வெச்சுடுங்க"ன்னு சொல்லிட்டுப் போச்சு, வெள்ளிக்கிழம குடுக்கணும்.