15.6 கிலோ எம்டிபி, 13.5க்கு இறக்கின கணக்கு

வண்டி சாதாரண என்ட்ரி லெவல் எம்டிபி, அதாவது மவுண்டன் சைக்கிள், பின்னாடி சஸ்பென்ஷன் இல்லாத ஹார்ட்டெயில்தாங்க. 27.5 இன்ச் வீல், அலாய் ஃப்ரேம், 3x7 கியர் (முன்னாடி மூணு பல்சக்கரம், பின்னாடி ஏழு), முன் வீல புடிச்சிருக்கற ஃபோர்க் ஸ்பிரிங் வச்சது. லக்கேஜ் தராசுல மாட்டி தூக்குனா 15.6 கிலோ காட்டுச்சு. கார்பன் கீர்பன்னு போனா வண்டி விலைய விட பார்ட்ஸ் விலை ஜாஸ்தியாயிரும், அதனால ஒரு ரூல் வச்சுகிட்டேன், எதை மாத்தினாலும் ஒரு கிராம் குறைக்க எத்தனை ரூபா ஆகுதுன்னு முதல்ல பாக்கணும், 8 ரூபாய தாண்டினா வாங்கறதில்ல.

முதல் ரவுண்டுக்கு காசே ஆகல. சைடு ஸ்டாண்டு, ரெண்டு மட்கார்டு, இரும்பு பாட்டில் ஸ்டாண்டு, பின் வீல்ல கேசட்டுக்கு (பல்சக்கர அடுக்கு) பின்னாடி இருக்கற பிளாஸ்டிக் தட்டு, செயின் கார்டு எல்லாம் கழட்டி சமையல்கட்டு தராசுல வச்சா 930 கிராம். ஸ்டாண்டு மட்டுமே 400க்கு மேல. பெல்லும் பின் ரிஃப்ளெக்டரும் அப்படியே இருக்கட்டும், கோயமுத்தூர் தடாகம் ரோட்டுல லாரிக்காரங்க கண்ணுக்கு நாம தெரியணும்ல.

அடுத்து இரும்பு ஹேண்டில்பாரை எடுத்துட்டு அலாய் போட்டதுல 240 கிராம், 700 ரூபா. சீட்ட தாங்கற குழாய், சீட்போஸ்ட்டும் இரும்புதான், அலாய் போட்டா 160 கிராம், 600 ரூபா. வாங்கறப்ப விட்டம் பாத்து வாங்குங்க, 27.2 மிமீ போஸ்ட்டு 28.6 மிமீ ஃப்ரேம்ல நிக்காது. தடிமனா இருந்த ஜெல் சீட்டுக்கு பதிலா ஒல்லி சீட்டு, அது 240 கிராம், 900 ரூபா. மொத நாலு ரைடு உக்காந்தா வலிக்கும், அப்புறம் பழகிரும்.

டயர்தான் பெரிய செலவு. வண்டியோட வந்தது கம்பி பீடு டயர் (ஓரத்துல இரும்புக் கம்பி வச்சது), ஒண்ணு 880 கிராம். மடிக்கற மாதிரி ஃபோல்டிங் டயர் 640, ரெண்டுக்கும் சேத்து 480 கிராம் போச்சு, 3600 ரூபா ஆச்சு, அதாவது கிராமுக்கு ஏழரை ரூபா, ரூலுக்கு ஒட்டி ஒட்டி பாஸ். ஆனா செலவழிச்சதுலயே கால்ல தெரியறது இதுதான். ரிம் ஓரத்துல இருக்கற வெயிட் வண்டியோட சேந்து முன்னாடியும் போகணும், சுத்தவும் செய்யணும், அதனால வேகம் எடுக்கறப்ப கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா கணக்காகும். ஒரே வேகத்துல மேடு ஏறுறப்ப அந்த வித்தியாசம் கிடையாது, அங்க கிராம்னா கிராம்தான்.

டியூபை மட்டும் தொடல. டிபியூங்கற (TPU) லேசான பிளாஸ்டிக் டியூப் போட்டா ஒண்ணுக்கு நூறு கிராமுக்கு மேல குறையும்னு தெரியும், ஆனா நம்ம பக்கம் மண்ரோடு பூரா சீமைக்கருவேல முள்ளு, அந்த டியூபுக்கு தனி பேட்ச் வேணும், ரோட்டோர பங்சர் கடை சொல்யூஷன் அதுல ஒட்டாது. மாங்கரை தாண்டி வண்டிய தள்ளிட்டு வர்றதுக்கு இருநூறு கிராம் சுமந்துக்கலாம்.

இப்ப என் ரூலே உதைக்கற இடத்துக்கு வர்றேன். முன்னாடி ஒத்தை பல்சக்கரம் போட்டா கிராங்க், செயின மாத்தற டெரெய்லர், ஷிஃப்டர், கேபிள்னு 700 கிராம் போகும், 2200 ரூபாதான், கிராமுக்கு மூணு ரூபா சொச்சம், காகிதத்துல சூப்பர். ஆனா என்கிட்ட இப்ப இருக்கற லேசான கியர் முன்னாடி 24 பல்லு, பின்னாடி 34 பல்லு. ஒத்தை சக்கரம்னா 32-34, அப்ப மிதிக்கற பாரம் மூணுல ஒரு பங்கு ஏறுது. நானும் வண்டியும் தண்ணியும் சேந்து 91 கிலோ, அதுல 700 கிராம் ஒரு சதவீதம் கூட இல்ல. ஆனைகட்டி மேட்டுல ஒரு சதவீதத்துக்காக எவனாவது அந்த சின்ன சக்கரத்த விடுவானா. இன்னும் கம்மி வெயிட்டுக்கு பேர் போன ரிஜிட் ஃபோர்க்கும் (ஸ்பிரிங் இல்லாதது) அதே கதைதான், இரும்புல வாங்கினா கிராமுக்கு ரெண்டு ரூபாய்ல ஒரு கிலோவுக்கு மேல குறையும், இறக்கத்துல கல்லு ரோட்டுல கை மரத்துப்போயிரும். தார் ரோட்டுலயே ஓட்டறவங்க தாராளமா போடலாம், உயரம் மட்டும் சஸ்பென்ஷன் ஃபோர்க்குக்கு சமமா இருக்கறத பாத்து வாங்கணும், குட்டையா போட்டா ஹேண்டில் லேசா தொட்டாலே திரும்பற மாதிரி பதட்டமாயிரும்.

ஆக மொத்தம் 5800 ரூபா, 2050 கிராம், தராசு இப்ப 13.55. மேடு ஏறுறதுல இது ரெண்டே கால் சதவீதம், அரை மணி நேர ஏத்தத்துல முப்பது நாப்பது செகண்டு மிச்சம், அவ்ளோதான், ராக்கெட் ஆகல. வண்டிய தோள்ல தூக்கி பாறை தாண்டறப்பவும் மாடிப்படி ஏத்தறப்பவும் தான் ரெண்டு கிலோ நல்லா தெரியுது.

மிச்சம் இருக்கறது ஏர் ஃபோர்க், ஸ்பிரிங்குக்கு பதிலா காத்து அடைச்சது. புதுசு 14000ல ஆரம்பிக்குது, குறையறது அரைக்கிலோதான், கிராமுக்கு 28 ரூபா, ரூல் படி நோ. பழசு ஏதாவது மாட்டுனா பாக்கலாம்னு இருக்கேன், ஸ்டியரர் (ஃப்ரேமுக்குள்ள போற மேல் குழாய்) வெட்டின நீளம் என் ஃப்ரேமுக்கு பத்தணும், ஸ்டான்ஷன்ல (உள்ள போயிட்டு வர்ற வழவழ குழாய்) கீறல் இருக்கக்கூடாது, ஃபோர்க்க அமுங்காம பூட்டற லாக்அவுட் வேலை செய்யணும். கோயமுத்தூர் பக்கம் யார்கிட்டயாவது 27.5க்கு கெடந்தா சொல்லுங்க.