ஐயாவுக்கு ஒரு மரை வேட்டை

சென்ற மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, அமெரிக்காவின் டென்வர் நகரில் வசிக்கும் என் தம்பி தொலைபேசியில் ஐயாவிடம், "வாற செப்டெம்பரிலை மரை வேட்டைக்கு வாறியளோ, ஐயா?" என்று கேட்டான். மரை என்பது எங்கள் காடுகளில் நிற்கும் பெரிய மான், கடமான் என்றும் சொல்வார்கள். அம்மா இறந்த பிறகு குளக்கட்டைத் தாண்டி அதிகம் போகாதவரும், கேட்கும் எதற்கும் "பாப்பம்" என்ற ஒரே மறுமொழியைச் சொல்பவருமான ஐயா, அன்றைக்குச் சாய்மனைக் கதிரையிலிருந்து நிமிர்ந்து, "அங்கை மரை நிக்குதோ?" என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த உயிர்ப்பை நான் நீண்ட காலமாகக் கேட்டதில்லை. அன்றிலிருந்து இந்தப் பயணத்தைத் திட்டமிடுவதே என் மாலைநேர வேலையாகிவிட்டது.

ஐயா 1947ஆம் ஆண்டு இலங்கையின் வன்னிப் பகுதியில், ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் பிறந்தவர். வயல்தான் தொழில் என்றாலும், ஊரில் அவரைக் காடு தெரிந்தவர் என்றே சொல்வார்கள். மாடு தொலைந்தவர்களும் தேன் எடுக்கப் போகிறவர்களும் தண்ணிமுறிப்புப் பக்கக் காட்டுக்குள் போவதற்கு முன் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இளவயதில் முன்வாயால் வெடிமருந்து இடித்து நிரப்பும் துவக்கொன்றை வைத்திருந்தார். போர்க்காலத்து இடப்பெயர்வுகளில் அது போயிற்று. அவர் இன்னொன்றைத் தேடவுமில்லை. இலங்கையில் மரை சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு, அதைச் சுடுவது குற்றம். அந்தச் சட்டம் சரியானது என்பதே எங்கள் இருவரின் எண்ணமும், ஏனென்றால் அவருடைய இளமையில் கூட்டமாக நின்ற இடங்களில் இன்று ஒரு மரையின் அடியைக் காண்பதே அரிது என்று அவரே சொல்கிறார்.

தம்பி மரை என்று சொன்னது உண்மையில் எல்க் என்னும் பெரிய அமெரிக்க மானை. இந்தக் குழப்பத்துக்கு அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. வெள்ளைக்காரர் நம்முடைய மரையையும் எல்க் என்றே அழைத்தார்கள், நுவரெலியாவில் குடியிருந்த ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் வேட்டைநாய்களை விட்டுத் துரத்திய எல்க் என்பது நம் மரைதான். அமெரிக்க எல்க் வேறு இனம். நம் மரையின் கொம்பு பக்கத்துக்கு மூன்று கவராகப் பிரியும். முதிர்ந்த ஆண் எல்க்கின் கொம்பு பெரும்பாலும் ஆறாகப் பிரியும், உடலும் 300 கிலோகிராமுக்கு மேல் இருக்கும். இதையெல்லாம் படம் காட்டி விளக்கியபோது ஐயா பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி அனுப்பிய ஒலிப்பதிவுதான் அவரைப் பிடித்தது. செப்டெம்பரில், இணை சேரும் பருவத்தில், ஆண் எல்க் அடித்தொண்டையில் தொடங்கிச் சீழ்க்கைபோல உச்சத்துக்கு ஏறும் குரலொன்றை எழுப்பும். கண்ணை மூடி அதை நான்கு முறை கேட்டுவிட்டு, "இது பயத்திலை கத்துற சத்தமில்லை, பிள்ளை; மற்றதைக் கூப்பிடுது" என்றார். அந்தக் குரலைப் பற்றி நான் அதற்குமுன் அவரிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை.

முதலில் தீர்க்கவேண்டியிருந்தது, யார் சுடுவது என்பது. தம்பி, டென்வர் இருக்கும் கொலராடோ மாநிலத்தின் நிரந்தர வதிவாளன் என்பதால் உரிமம் அவன் பெயரில் எடுக்கப்படும். ஐயாவுக்கும் எடுக்கலாம் என்று அவன் சொன்னான். 1949ஆம் ஆண்டுக்கு முன் பிறந்தவர்களிடம் அங்கே வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் கேட்பதில்லை. ஐயா வேண்டாம் என்றார். துவக்குத் தூக்கும் ஆசை தனக்குப் போய்விட்டது என்றும், அந்தக் குரலை நேரில் கேட்கவும் அடி பார்க்கவும் மட்டுமே வருவதாகவும் சொன்னார். தம்பிக்கு ஏமாற்றம். எனக்கு அது மிகப் பெரிய ஆறுதல், ஏனென்றால் இதற்குப் பிறகு திட்டம் முழுவதையும் ஐயாவின் கண்ணுக்கும் காதுக்கும் ஏற்றபடி அமைத்துக்கொள்ள முடிந்தது.

தம்பி விண்ணப்பித்திருப்பது, முன்வாயால் மருந்து நிரப்பும் துவக்குகளுக்கென்றே அங்கே செப்டெம்பரில் ஒதுக்கப்படும் ஒன்பது நாள் பருவத்துக்கு. உரிமங்களைக் குலுக்கல் முறையில் கொடுக்கிறார்கள். விண்ணப்பம் ஏப்ரல் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது, முடிவுக்குக் காத்திருக்கிறோம். அந்தப் பருவத்தில் உருண்டையாக அழுத்திய மருந்துக்கு அனுமதியில்லை, தூளாகவே போட்டு இடிக்கவேண்டும் என்று தம்பி சொன்னபோது, தன் கைகளுக்குத் தெரிந்த வேலையொன்று அவ்வளவு தொலைவில் இன்னும் சட்டவிதியாக வாழ்கிறது என்பதை ஐயாவால் உடனே நம்ப முடியவில்லை. எவ்வளவு மருந்து, எந்தத் துணியை வைத்து இறுக்குவது, மழை பெய்தால் என்ன செய்வார்கள் என்று ஒரு மணித்தியாலம் தம்பியைக் கேட்டுக்கொண்டிருந்தார். சூரிய உதயத்துக்கு அரை மணித்தியாலம் முன்பிருந்து மறைவுக்கு அரை மணித்தியாலம் பின்வரைதான் சுடலாம் என்ற விதி அவருக்கு மிகவும் பிடித்தது. தலையில் விளக்குக் கட்டி இரவில் கண்ணைக் கூசவைத்துச் சுடுவதை அவர் ஒருபோதும் மதித்ததில்லை.

எனக்குக் கவலை அவருடைய உடம்பைப் பற்றித்தான். டென்வர் 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. எல்க் நிற்கும் காடுகளோ பெரும்பாலும் 8,000 அடிக்கு மேலே. கடல்மட்டத்துக்குச் சற்றே மேலான வன்னிச் சமநிலத்தில் எழுபத்தெட்டு வருடம் மூச்செடுத்த ஒருவரை நேராக அங்கே ஏற்றக்கூடாது. இருதயப் பரிசோதனையைப் பார்த்த வைத்தியர் போகலாம் என்றார், ஆனால் படிப்படியாக ஏறவேண்டும், பிரஷர் மாத்திரையை ஒரு நாளும் தவறவிடக்கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும் என்றார். ஆகவே ஐந்து நாள் டென்வரில் தங்குவது, பிறகு 7,522 அடி உயரத்திலுள்ள எஸ்ரெஸ் பார்க் என்ற சிற்றூரில் இரண்டு இரவுகள், அதற்குப் பிறகே வேட்டை முகாம் என்று முடிவு செய்தேன். எஸ்ரெஸ் பார்க்கைத் தெரிந்தெடுக்க உயரம் மட்டும் காரணமல்ல. அதை ஒட்டியிருப்பது 1915ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட ரொக்கி மலைத் தேசியப் பூங்கா. வேட்டையால் அந்தப் பக்கத்தில் எல்க் அற்றுப்போயிருந்த நிலையில், பூங்கா அமைவதற்குச் சற்று முன்னர் யெலோஸ்டோன் பகுதியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இன்று இலையுதிர் காலத்தில் அவை புல்வெளிகளுக்கு இறங்கி வரும்; பூங்காவுக்குள் வேட்டை இல்லை, வீதியோரம் வாகனத்துக்குள் இருந்தபடியே மாலையில் அந்தக் குரலைக் கேட்கலாம். குலுக்கலில் தம்பியின் பெயர் விழாவிட்டாலும் ஐயா வந்த காரியம் அங்கே நிறைவேறிவிடும்.

வேட்டை வழிகாட்டி அனுப்பிய படிவத்தில், எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்று ஒரு கேள்வி இருந்தது. "வெயில் ஏற முன்னம் எண்டால் எவ்வளவும்" என்று எழுதச் சொன்னார் ஐயா. நான் எழுதவில்லை. அடுத்த நாள் விடியற்காலை அவரோடு குளக்கட்டில் நடந்து நேரம் பார்த்தேன்: இரண்டு கிலோமீற்றருக்கு ஐம்பத்தைந்து நிமிடம், இரண்டு முறை இருந்து எழும்பினார், இறக்கத்தில் இடது முழங்கால் நோகிறது. அதையே அப்படியே எழுதி அனுப்பினேன். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இந்த இடத்தில் பெருமைக்காகக் கூட்டிச் சொல்லக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. நாம் சொல்லும் ஒவ்வொரு பொய்யான கிலோமீற்றரையும் அவர்தான் மலையில் நடந்து தீர்க்கவேண்டும். வழிகாட்டி தந்த மறுமொழி கண்ணியமாக இருந்தது. தனியார் நிலமொன்றில் நீர்நிலைக்குப் பக்கத்தில் வாகனம் போகக்கூடிய மறைவிடம் ஒன்று உண்டு, அங்கே ஐயாவும் நானும் ஓர் உதவியாளரும் இருக்கலாம், தம்பி தன்னோடு மேலே ஏறட்டும் என்றார்.

ஐயாவுக்கு இது முதலில் மனத்தாங்கல்தான். மற்றவர்களை முன்னின்று கூட்டிப் போனவரை ஓர் இடத்தில் இரு என்று சொல்வது இலகுவல்ல. இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது, கோடையில் குளங்கள் வற்றிய பிறகு தானும் பாலை மரத்தில் பரண் கட்டித் தண்ணீருக்கு வரும் மிருகத்துக்காக விடியவிடியக் காத்திருந்ததைச் சொல்லத் தொடங்கினார். நுளம்பு கடித்தாலும் அசையாமல் இருக்கத் தெரியாதவன் வேட்டைக்காரனே இல்லை என்றார். அதற்குப் பிறகு மறைவிடம் அவருடைய திட்டமாகிவிட்டது.

சிறிய விடயங்கள் பலவும் ஒழுங்காகின. வேட்டைக்காரர் இடுப்புக்கு மேலே 500 சதுர அங்குலமாவது பளிச்சென்ற செம்மஞ்சள் நிறம் அணியவேண்டும், தொப்பியும் அதே நிறம்; எல்க்கின் கண்ணுக்கு அந்த நிறம் எடுப்பாகத் தெரிவதில்லை. எங்களுக்கும் தம்பி அதையே வாங்குகிறான். அங்கே மான் இனங்களுக்கு மூளையை அழிக்கும் நோயொன்று இருக்கிறது, 1967ஆம் ஆண்டு கொலராடோவில்தான் முதலில் காணப்பட்டது. மனிதருக்குத் தொற்றியதாகத் தெரியவில்லை என்றாலும், சோதனை முடிவு வராமல் ஐயாவின் தட்டில் இறைச்சி வைக்கக்கூடாது என்று தம்பியிடம் உறுதி வாங்கியிருக்கிறேன்.

வழிகாட்டியிடம் ஐயா தாமாகக் கேட்கச் சொன்னது ஒரே கேள்விதான்: விடியக் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும்? நமக்குச் சோளகம் தொடங்கினால் மாதக்கணக்கில் சோளகம், வாடை என்றால் வாடை. மலையில் அப்படியில்லை, இரவிலும் விடியலிலும் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி ஓடும், வெயில் பட்டதும் மேல்நோக்கித் திரும்பும், அந்தத் திருப்பத்தில்தான் பலர் தங்கள் மணத்தைக் காற்றில் கொடுத்து மிருகத்தை இழக்கிறார்கள் என்று வழிகாட்டி எழுதினார். ஐயா அதை என்னிடம் இரண்டு முறை வாசிப்பித்துக் கேட்டார். இப்போது காலையில் குளக்கட்டில் நடக்கும்போது, மடியில் முடிந்துவரும் அடுப்புச் சாம்பலை ஒரு சிட்டிகை எடுத்துக் காற்றில் விட்டு, அது போகும் பக்கத்தைப் பார்க்கிறார். அதையும் கொண்டுபோக வேண்டும் என்றார். விமான நிலையத்தில் சிக்கல் வரலாம், அங்கே இதற்கென்றே சிறு போத்தலில் தூள் விற்கிறார்களாம், தம்பி வாங்கி வைப்பான் என்று சொன்னேன்.

"அந்தத் தூளுக்கு மணம் இருக்கோ எண்டு கேள், பிள்ளை" என்றார். தம்பிக்கு எழுதியிருக்கிறேன், மறுமொழி இன்னும் வரவில்லை.