அன்னம்மாள் கோவில் படியில் இரண்டாம் நாள்

ஜூலை 26 புனித அன்னம்மாள் திருநாள். அதற்கு முந்தின நாள் மாலை அம்மாவும் நானும் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் பெர்ரி ஏறினோம். அப்பா இறந்த பிறகு, அக்கரையில் அன்னம்மாள் கோவில் இருக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்குப் போவது இதுதான் முதல் தடவை.

பெர்ரி கிளம்பியதும் அம்மா பைபிளில் தொடக்க நூலைத் திறந்தார். கடவுள் உலகைப் படைத்ததைச் சொல்லும் முதல் அதிகாரம் அவருக்கு மனப்பாடம். ஆனாலும் வரியை விரலால் தொட்டுத்தான் படிப்பார். திடீரென்று நிமிர்ந்து, “ஏய்யா, இரண்டாம் நாளுக்கு மட்டும் ‘நல்லது’ன்னு வரலையே, பாத்தியா?” என்றார்.

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். முதல் நாள் ஒளி பிறக்கிறது, அது நல்லது என்று கடவுள் காண்கிறார். இரண்டாம் நாள் வானத்தை அமைத்து, மேலே உள்ள நீரையும் கீழே உள்ள நீரையும் கடவுள் பிரிக்கிறார். அங்கே அந்தச் சொல் இல்லை. மூன்றாம் நாள் நீர் ஓரிடத்தில் கூடித் தரை தெரிகிறது, செடியும் மரமும் முளைக்கின்றன. அன்றைக்கு இரண்டு தடவை வருகிறது. நீரின் வேலை இரண்டாம் நாளில் முடியவில்லை, அதனால்தான் சொல் தள்ளிப்போனது என்று பழைய யூத உரைகாரர்கள் விளக்குவார்கள். சுற்றிலும் கடலும், எதிரே பட்டர்வொர்த் கரையுமாக அதை நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அப்பா இல்லாத இந்த ஒரு வருஷத்தை நல்லது என்று சொல்ல என்னால் முடியவில்லை. கடவுளே ஒரு நாளை அப்படிச் சொல்லாமல் விட்டு, மறுநாள் அதே நீரிடம் திரும்பி வந்திருக்கிறார்!

அப்புறம் ரயில், கூட்டம், மெழுகுவர்த்தி வாசம். 2002-இல் கட்டிய பெரிய கோவிலில் நிற்க இடமில்லை. நாங்கள் மேட்டில் இருக்கும் 1888-ஆம் ஆண்டுக் கோவிலுக்கு ஏறினோம். எனக்கு எப்போதும் இந்தச் சின்னக் கோவில்தான் பிடிக்கும். மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சி நடந்த அவசரகாலத்தில் இந்தப் பக்கம் மக்கள் வர முடியாமல் போய், இது ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்தது. அன்று அதன் படியில் மலாய், சீனம், தமிழ் என்று எல்லா மொழியிலும் செபம் கேட்டது. அம்மா படியிலேயே உட்கார்ந்து செபமாலை சொன்னார். நான் அப்பா பெயரைச் சொல்லி வேண்டினேன், அழுதேன்.

இறங்கும்போது ஊற்றுத் தண்ணீருக்கு வரிசையில் நின்றோம். அப்பா எப்போதும் இரண்டு போத்தல் பிடிப்பார், ஒன்று பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டிக்கு. அம்மா பையைத் திறந்தார். உள்ளே இரண்டு போத்தல் இருந்தன.